விஜயநகரில் ஒரு திருச்சி ஏக்கம்

ராத்திரி ஏழே முக்காலுக்கு அவளுக்குப் பசிக்கிறது. மைசூர் விஜயநகர் இரண்டாவது ஸ்டேஜில் இருக்கும் அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்குத்தான். ஏழே முக்கால் என்பது திருச்சியில், அவள் படிக்கும் கல்லூரி ஹாஸ்டலில், மெஸ் மணி அடிக்கும் நேரம். விடுமுறை ஆரம்பித்துப் பத்து நாளாகிவிட்டது. ஆள் வந்து சேர்ந்தாலும் வயிறு இன்னும் ஊர் வந்து சேரவில்லை.

"இப்பத்தானே பஜ்ஜி தின்னே?" என்கிறார் அம்மா. அது கோபமில்லை, கணக்கு. மகள் வருகிறாள் என்று ஒரு மாதமாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். முதல் வாரம் மீன் குழம்பு, இரண்டாவது வாரம் பிரியாணி, நடுவில் ஒரு நாள் நஞ்சன்கூடு போய் வருவது, துணிக்கடை, பல் டாக்டர். ஐம்பது நாள் விடுமுறைக்கு ஐம்பது நாளும் திட்டம் இருந்தது. மகள் மூன்றாவது நாளே மொட்டை மாடியில் போய் உட்கார்ந்துகொள்வாள் என்பது மட்டும் திட்டத்தில் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அவளும் இப்படி எதிர்பார்க்கவில்லை. ஏப்ரல் முழுவதும் ஹாஸ்டலில் பேச்செல்லாம் வீட்டைப் பற்றித்தான். மெஸ் சாம்பாரைத் திட்டுவது ஒரு தினசரிச் சடங்கு. பரீட்சை முடிந்த அன்றே பெட்டி கட்டியாயிற்று. மாயவரம் வண்டியில் (பெயர்ப் பலகைப்படி மயிலாடுதுறை எக்ஸ்பிரஸ்; இப்போது கடலூர் துறைமுகம் வரை நீட்டிவிட்டார்கள், வீட்டில் இன்னும் மாயவரம் வண்டிதான்) திருச்சியில் ராத்திரி ஏறினால் காலையில் மைசூர். ஸ்டேஷனில் அப்பா. ஸ்கூட்டரில் வீடு. இரண்டு நாள் தூக்கம். அதுவரை எல்லாம் சொன்னபடியே நடந்தது.

மூன்றாம் நாள் காலை கண் விழித்தபோது அறையில் யாருமில்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அது பெரிய விஷயம்.

ஹாஸ்டலில் ஓர் அறையில் நான்கு பேர். ஒருத்தியின் அலாரத்துக்கு மற்ற மூவரும் எழுந்து அவளைத் திட்டுவார்கள். அவள் மட்டும் தூங்குவாள். ஒரே ஒரு நல்ல பக்கெட்டுக்கு நான்கு உரிமையாளர்கள். மின்விசிறியின் வேகம் குறித்து முதல் செமஸ்டரில் ஆரம்பித்த சண்டை இன்னும் தீரவில்லை. பரீட்சைக்கு முதல் நாள் இரவு படிப்பைத் தவிர எல்லாம் நடக்கும். மொட்டை மாடியில் ஏறினால் மலைக்கோட்டை உச்சியில் விளக்கு தெரியும். சனிக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் எதுவும் வாங்காமல் திரும்புவதற்கு மூன்று மணி நேரம் ஆகும். இதில் எதையும் அவள் வீட்டில் விவரித்துச் சொல்ல முடியவில்லை. சொன்னால், "இதுக்கா அழுகை?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

விஜயநகர் குறை சொல்லும்படியான இடமும் அல்ல. மைசூர் மேற்கே வளர்ந்தபோது நான்கு ஸ்டேஜாக விரிந்த குடியிருப்பு. அகலமான சாலைகள், ஒழுங்கான குறுக்குத் தெருக்கள், நிழல் மரங்கள். முதல் ஸ்டேஜில் இருக்கும் யோக நரசிம்மர் கோவிலில் ஜனவரி முதல் தேதி லட்டு வாங்க ஊரே திரண்டு வரும். ஓய்வு பெற்றவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பத்தொன்பது வயதுக்குத்தான் இந்த அமைதி பிடிபடவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குத் தெருவில் ஒரு நாய், ஓர் இளநீர் வண்டி, தூரத்தில் பிரஷர் குக்கர் விசில். பள்ளித் தோழிகளில் ஒருத்தி மணிப்பாலில் படிக்கிறாள், ஒருத்தி பெங்களூரில் வேலைக்குப் போகிறாள், ஒருத்திக்குக் கல்யாணமாகிவிட்டது. தெருவில் எதிர்ப்படும் மாமிகள், "ஊட்ட ஆய்த்தா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போகிறார்கள். மைசூரின் மே மாத வெயில் திருச்சி வெயிலோடு ஒப்பிட்டால் வெயிலே அல்ல. சாயங்காலம் மழைகூட வருகிறது. அங்கே நாற்பது டிகிரியில் வேகும் தோழிகள் பொறாமைப்படுகிறார்கள். அவளுக்கோ அந்த நாற்பது டிகிரிதான் வேண்டியிருக்கிறது.

இந்த ஊருக்கு இதெல்லாம் புதிதில்லை. மகாராஜா உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரின் மகன் ஒருவர், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றுப்போய் ஒரு வருஷம் வீட்டோடு இருக்க வேண்டியதாயிற்று. நண்பர்கள் கல்லூரிக்குப் போக, அவர் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் புத்தகமும் கையுமாக அலைந்தார். பிற்பாடு 1930-ல் பட்டம் வாங்கி, 1937-ல் 'தி பேச்சலர் ஆஃப் ஆர்ட்ஸ்' நாவலை வெளியிட்டார் ஆர்.கே. நாராயண். கல்லூரியில் ஓடியாடிக்கொண்டிருந்த சந்திரன் பட்டம் வாங்கிய பிறகு வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் தவிப்பதுதான் அந்த நாவலின் பெரும்பகுதி. நாராயணின் வீடு யாதவகிரியில் இப்போது நினைவு இல்லமாக இருக்கிறது; விஜயநகரிலிருந்து அதிக தூரமில்லை. அவள் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒரு தடவை போயிருக்கிறாள். ஞாபகம் இருப்பது படிக்கட்டு மட்டும்தான்.

ஆனால் அவளுடைய ஏக்கத்தில் நாராயணுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. அது பாஷை.

தாத்தா குளித்தலைப் பக்கத்திலிருந்து மைசூர் ரயில்வே ஒர்க் ஷாப்புக்கு வேலைக்கு வந்தவர். அப்பா மைசூரிலேயே பிறந்து கன்னட மீடியத்தில் படித்தவர். அம்மா பெங்களூர் சிவாஜிநகர். வீட்டில் பேசுவது தமிழ். எழுதுவது, படிப்பது எல்லாம் கன்னடமும் ஆங்கிலமும். கர்நாடகத்திலும் மும்பையிலும் டெல்லியிலும் லட்சக்கணக்கான தமிழ் வீடுகளில் உள்ள நிலைமைதான் இது. தமிழ் நாக்கில் இருக்கும், கண்ணில் இருக்காது. பஸ் போர்டைப் படிக்கத் தெரியாத தமிழச்சியாகத்தான் அவள் திருச்சியில் போய் இறங்கினாள்.

அவளுடைய தமிழைக் கேட்டு ஹாஸ்டல் சிரித்தது. 'சும்மா' என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் அவள் 'சும்னே' என்றாள். கன்னடம் என்று அவளுக்கே தெரியாது. வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஒரே வாரத்தில் அது அவள் பெயராகிவிட்டது. "சும்னே வந்தாச்சா?", "சும்னேவுக்கு ஒரு தோசை." முதலில் அழுதாள். பிறகு பழகிவிட்டது. பிறகு யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் என்னவோ தப்பு நடந்துவிட்டது போலத் தோன்றும். விஜயநகரில் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை 'சும்னே' காதில் விழுகிறது. ஒன்றுகூட அவளைக் கூப்பிடுவதில்லை.

அறைத் தோழி அறந்தாங்கிக்காரி. புள்ளியியல் சொல்லிக் கொடுத்தால் தமிழ் எழுத்துச் சொல்லித் தருவதாக ஒப்பந்தம். இரண்டு செமஸ்டரில் முன்னவள் புள்ளியியலில் பாஸ் செய்தாள்; பின்னவள் போஸ்டர், பஸ் போர்டு, மெஸ் நோட்டீஸ் என்று தொடங்கி வார இதழ் வரை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள்.

மைசூர்த் தமிழர்களில் இப்படித் தாமதமாகத் தமிழைக் கண்டுபிடித்த மிகப் பெரிய பெயர் ஏ.கே. ராமானுஜன். 1929-ல் மைசூரில் பிறந்தவர், மகாராஜா கல்லூரியில் படித்தவர். மாடியில் கணிதப் பேராசிரியரான அப்பாவோடு ஆங்கிலம், கீழே அம்மாவோடு தமிழ், தெருவில் கன்னடம் என்று அவரே தன் வீட்டை வர்ணித்திருக்கிறார். பழந்தமிழ் அவருக்குத் தெரியாது. 1962-ல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் ஒரு பழந்தமிழ் இலக்கணப் புத்தகத்தைத் தேடிப் போனவர் கையில் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த குறுந்தொகை அகப்பட்டது. ஐந்து வருஷத்தில், 1967-ல், அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' வெளிவந்தது. சங்கக் கவிதையை உலகம் தெரிந்துகொண்டதில் அந்த அடித்தளத்துக்குப் பெரிய பங்குண்டு. சொந்த வீட்டுப் பொருளை வெளியூரில் போய் எடுத்துக்கொள்வது சிலருடைய தலையெழுத்துப் போலிருக்கிறது.

அவளுக்கு ராமானுஜனைப் பற்றியெல்லாம் தெரியாது. அவள் கவலை வேறு. ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் அறையின் குழு உயிர்பெறும். அறந்தாங்கி, அரியலூர், நாகர்கோவில், மைசூர். நான்கு பேரும் நான்கு வீட்டில் இருந்தபடி, வீட்டில் இருப்பது எவ்வளவு சலிப்பு என்று எழுதிக்கொள்வார்கள். அப்பா காலத்தில் விடுமுறைக்கு வந்தால் நண்பனின் கடிதம் வாரத்துக்கு ஒன்று வரும். நடுவில் ஆறு நாள் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். இப்போது அந்தக் கட்டாயம் இல்லை. கையில் இருக்கும் போனில் ஹாஸ்டல் இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கிறது. ஏக்கத்தைத் தீர்க்கிற சாதனம் என்று நினைத்தால், அதுதான் ஏக்கத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறது.

"லீவுக்கு வந்தவ போன்ல ஹாஸ்டலுக்குப் போயிட்டா" என்று அம்மா அப்பாவிடம் சொன்னது சமையலறைச் சுவர் தாண்டிக் கேட்டது. குரலில் கிண்டல் இருந்தது. அடுத்து வந்த மௌனத்தில் இல்லை.

அண்ணன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். விஷயம் கேள்விப்பட்டுப் போனில் சிரித்தான். "உனக்காவது ஜூன்ல திறப்பாங்க" என்றான். அவனுடைய கடைசி செமஸ்டர் 2020. மார்ச் மாதம் இரண்டு வாரத்துக்கு என்று ஹாஸ்டலைக் காலி செய்யச் சொன்னார்கள். இரண்டு செட் துணியோடு வந்தவன் திரும்பப் போகவேயில்லை. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. பரீட்சை, வழியனுப்பு விழா எல்லாம் கம்ப்யூட்டர் திரையில். அறையில் விட்டு வந்த படுக்கையும் புத்தகங்களும் பல மாதம் கழித்து லாரி சர்வீஸில் வந்தன. பூட்டு உடைத்து யாரோ கட்டிய மூட்டையில் அவனுடையது அல்லாத ஒரு செருப்பும் இருந்தது. அந்தச் செருப்பு யாருடையது என்று அவன் இன்னும் நண்பர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். இதை அவன் சிரித்துக்கொண்டே சொன்னாலும் அதன் பிறகு அவள் கொஞ்ச நாள் யாரிடமும் புலம்பவில்லை.

அந்த நாட்களில்தான் அப்பாயி டப்பாவை எடுத்தார்.

அப்பாயிக்கு எழுபத்தாறு வயது. எழுதப் படிக்கத் தெரியாது. தமிழ் சீரியல் பார்ப்பார். பெயர் போடும்போது மட்டும் தலையைத் திருப்பிக்கொள்வார். ஒரு பிற்பகல், பேத்தி பழைய தமிழ் வார இதழ் ஒன்றை மாடிப்படியில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு அருகில் வந்து நின்றார்.

"நீ எப்ப கண்ணு தமிழ் படிச்சே?"

"ஹாஸ்டல்ல."

ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்து ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். உள்ளே நீல நிற இன்லண்ட் கடிதங்கள். தாத்தா மைசூருக்கு வந்த புதிதில் குளித்தலை வீட்டுக்கு எழுதியவை. அவர் காலமான பிறகு பூர்வீக வீட்டைப் பாகம் பிரித்தபோது, பரணிலிருந்து கிடைத்தது என்று யாரோ கொண்டுவந்து கொடுத்தது. அன்று முதல் அலமாரியில் இருக்கிறது. வீட்டில் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. வெளியாளிடம் கொடுக்க அப்பாயிக்கு மனமில்லை.

முதல் கடிதத்தைப் பிரித்ததும் அவளுக்கு ஏமாற்றம். பாதி எழுத்துகள் அவள் கற்றுக்கொண்ட தமிழாகவே இல்லை. "அன்புள்ள அப்பாவுக்கு" வரை சரியாகப் போயிற்று. அதற்குப் பிறகு வளைந்தும் சுருண்டும் யானைத் துதிக்கை போல மேலேறி இறங்கும் சில எழுத்துகள். போட்டோ எடுத்துக் குழுவுக்கு அனுப்பினாள். நாகர்கோவில்காரிக்கும் தெரியவில்லை. அரியலூர்க்காரி அது கையெழுத்து மோசம் என்று தீர்ப்புச் சொன்னாள். அறந்தாங்கிக்காரி மட்டும் தன் தாத்தாவிடம் காட்டினாள். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். ஐந்து நிமிடத்தில் அவருடைய குரலே வந்தது: "அது ளை, ம்மா. அந்தக் காலத்து ளை. தும்பிக்கை போட்டு எழுதுவோம்."

பெரியார் 1935 முதலே 'குடி அரசு' இதழில் கையாண்டு வந்த எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்றவை மற்ற எழுத்துகளைப் போலவே எழுதப்படுகின்றன. அச்சுக்கும் தட்டச்சுக்கும் குழந்தைகளுக்கும் அது பெரிய வசதி. அதற்குப் பிறகு பள்ளிக்குப் போனவர்களுக்குத் தாத்தாவின் கடிதம் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது என்பதும் உண்மைதான். அறந்தாங்கித் தாத்தா ஒரு வெள்ளைத் தாளில் பழைய எழுத்துகளை வரிசையாக எழுதி, பக்கத்தில் புதியதையும் போட்டு, படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அடுத்த பத்து நாள் குழுவில் சலிப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. நான்கு ஊர்களில் நான்கு பெண்கள் ஒரு ரயில்வே தொழிலாளியின் கடிதங்களைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். "இந்த மாதம் மணியார்டரில் முப்பது ரூபாய்." "எருமையை விற்க வேண்டாம்." "இங்கே குளிர் அதிகம், கம்பளி வாங்கிவிட்டேன்." "மைசூர் ஜனங்கள் மரியாதையானவர்கள், சாம்பாரில் மட்டும் வெல்லம் போடுகிறார்கள்." இந்த வரிக்கு அரியலூர்க்காரி பதினேழு சிரிப்புப் பொம்மைகள் போட்டாள்.

கடிதங்கள் எல்லாமே அவருடைய அப்பாவுக்கு எழுதியவை. புதுப் பெண்டாட்டிக்குத் தனியாகக் கடிதம் எழுதுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. தபால்காரரே திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டுவார். மாமனார் கேட்பார். அப்பாயி கதவுக்குப் பின்னால் நின்று கேட்பார். தன்னைப் பற்றி ஏதாவது வருகிறதா என்று கடைசி வரி வரை நிற்பாராம். "வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்" என்பதோடு முடிந்துவிடும். அந்த 'எல்லோரிலும்' தானும் உண்டு என்று எடுத்துக்கொள்வாராம்.

ஒன்பதாவது கடிதம். 1967-ல் எழுதியது. மடிப்பின் ஓரத்தில், இடம் போதாமல் பொடி எழுத்தில் இரண்டு வரி. அவள் துதிக்கை எழுத்தில் தடுக்கி, தாளைப் பார்த்து, திரும்பப் படித்தாள். "அவளைத் தெருக்கோடி வாத்தியார் வீட்டில் எழுத்துப் படிக்க வைக்கவும். நான் எழுதுவதை அவளே படித்துக்கொண்டால் நல்லது."

அப்பாயி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"இன்னொரு தடவ படி."

படித்தாள்.

"இத அந்த மனுசன் படிக்கலயே" என்றார். தபால்காரரைச் சொல்கிறார். அவர் விட்டுவிட்டாரா, படித்தும் மாமனார் கையமர்த்திவிட்டாரா, கதவுக்குப் பின்னால் சரியாகக் கேட்கவில்லையா, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே பேசினார். மைசூருக்கு வந்த பிறகு தாத்தா இரண்டு தடவை சிலேட்டு வாங்கிவந்தாராம். வேலையத்த வேலை என்று இவர்தான் அதை மகனுக்குக் கொடுத்துவிட்டாராம். "வெளையாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன்" என்றார்.

சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது நின்றது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். "அடுத்தது படி" என்றார்.

அன்று இரவு அவள் குழுவுக்கு அந்த இரண்டு வரியை அனுப்பவில்லை. கேட்டதற்கு, 'சும்னே' என்று மட்டும் எழுதினாள்.

ஜூன் இரண்டாவது வாரம் கல்லூரி திறக்கிறது. டிக்கெட் அப்பா முன்பே எடுத்துவிட்டார். இன்னும் நாலு நாள்தான் என்று குழுவில் ஆர்ப்பாட்டம். மின்விசிறிச் சண்டைக்குப் புது விதிகள் தயாராகின்றன. அவளுக்கும் சந்தோஷம்தான், ஏழே முக்கால் பசி ஒருநாளும் தவறவில்லை. டப்பாவில் நாற்பத்தியொரு கடிதங்கள். படித்து முடித்தது பதினாறு. ஈரம் பட்ட சில கடிதங்களில் ஒரு வரிக்கே ஒரு நாள் ஆகிறது.

பெட்டியில் துணிக்கு நடுவே டப்பாவுக்கு இடம் ஒதுக்கிவிட்டு அப்பாயியிடம் கேட்டாள். அறந்தாங்கித் தாத்தாவை நேரில் பார்த்தே எல்லாவற்றையும் படித்துவிடலாம், பத்திரமாகக் கொண்டுவருகிறேன் என்றாள்.

அப்பாயி டப்பாவை வாங்கி மூடியை அழுத்தினார்.

"வேணுங்கிறத போட்டோ எடுத்துக்க கண்ணு. டப்பா இங்கயே இருக்கட்டும். தீபாவளிக்கு வருவேல்ல?"